கொதிக்கும் வாகனமும் அதன் அமுக்க மூடியும்

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு வைகாசி மாத நண்பகல். மன்னாரிலிருந்து மதவாச்சிக்குச் செல்லும் வீதியில் ஒரு வான் போய்க்கொண்டிருந்தது. உள்ளே பதினொரு பேர் இருந்தோம். அவர்களுள் மூவர் கிளினிக்குக்குப் போகும் நோயாளிகள். பாதி வழியில் வெப்பத்தைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. சாரதி வண்டியை மர நிழலில் நிறுத்தினார். முன்புறத்திலிருந்து ஆவி வந்தது. உதவிக்கு வந்திருந்த இளைஞர் ஒருவர், "தண்ணீர் முடிஞ்சுபோச்சு போல" என்று கூறியபடி துவாய் ஒன்றை மடித்துப் பிடித்து றேடியேற்றர் மூடியைத் திருகினார்.

அடுத்த கணம் கொதிநீர் ஆளுயரத்துக்கு மேலே பாய்ந்தது. அவருடைய முழங்கை முதல் விரல்கள் வரையும், கழுத்தும், முகத்தின் ஒரு பக்கமும் வெந்துபோயின. அன்று கிளினிக்குக்குப் போகவேண்டிய மூவரும் போகவில்லை. போகவேண்டியிராத ஒருவரே ஆஸ்பத்திரியில் படுத்தார். அவர் மீண்டும் மண்வெட்டி பிடிக்க இரண்டு மாதங்களுக்கு மேலாயிற்று.

பின்னர் கராஜில் அந்த மூடியைக் கழற்றிப் பார்த்தோம். அதன் அடியிலிருந்த றப்பர் வளையம் காய்ந்த அப்பளம்போல் பொடிந்தது. வில்லுச்சுருள் துருப்பிடித்துச் சோர்ந்திருந்தது. "இதைக் கடைசியாக மாற்றியது எப்போது?" என்று மேக்கானிக் கேட்டார். எவருக்கும் தெரியவில்லை. வான் ஒரு சங்கத்துக்குச் சொந்தமானது. டீசல், ரயர், எஞ்சின் ஒயில் யாவற்றுக்கும் கணக்குப் புத்தகத்தில் வரிகள் இருந்தன. மூடிக்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை.

அன்று நடந்தது விதியல்ல. ஒரு சிறிய பொருளின் வேலை என்னவென்று நாம் அறியாதிருந்ததன் விளைவு. ஆகவே அந்தப் பொருளைப் பற்றி, அதாவது றேடியேற்றரின் அமுக்க மூடியைப் பற்றி, இங்கு சற்று விரிவாகப் பார்ப்போம்.

மூடியின் வேலை என்ன?

போத்தலின் மூடி உள்ளே இருப்பது சிந்தாமல் காக்கிறது. றேடியேற்றர் மூடியும் அப்படித்தான் என்று பலர் நினைக்கின்றனர். இது தவறு. அது ஒரு மூடி மட்டுமல்ல. அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு கருவி.

எஞ்சினுக்குள் எரியும் எரிபொருளின் வெப்பத்தில் ஒரு பகுதி மட்டுமே சில்லுகளைச் சுழற்றுகிறது. மீதியில் பெரும் பங்கு புகையோடு போகிறது. இன்னொரு பங்கைத் தண்ணீர் சுமந்து றேடியேற்றருக்குக் கொண்டு செல்கிறது. அங்கே காற்றுப்பட்டு ஆறிய தண்ணீர் திரும்பவும் எஞ்சினுக்கு வருகிறது. இந்தச் சுற்று ஓயாமல் நடக்கவேண்டும். தண்ணீர் தண்ணீராக இருக்கும் வரைக்குமே இது நடக்கும். எஞ்சினுக்குள் தண்ணீர் கொதித்து ஆவிக் குமிழ்கள் தோன்றினால், அக்குமிழ்கள் உள்ள இடத்தில் உலோகத்தின் வெப்பத்தை எடுத்துச் செல்ல ஒன்றும் இல்லாமற் போகிறது. தண்ணீர் பம்பும் ஆவியைத் தள்ளமாட்டாது. பிறகு எஞ்சின் சில நிமிடங்களிலேயே சூடேறிவிடும்.

கடல் மட்டத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் என்று பாடசாலையில் படித்திருக்கிறோம். மலைக்குப் போகப் போக வளிமண்டல அமுக்கம் குறைவதால் கொதிநிலையும் குறையும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். வாகன எஞ்சின்களோ சாதாரணமாக 80 முதல் 95 பாகை வரையான தண்ணீருடன் வேலை செய்கின்றன. எஞ்சினின் சில மூலைகளில் வெப்பம் இதைவிட அதிகம். ஆகவே திறந்த பாத்திரம்போல் றேடியேற்றரை வைத்திருந்தால், பாரத்துடன் மலையேறும் ஒவ்வொரு லொறியும் பாதி வழியில் கொதித்து நிற்கும்.

இதற்குத் தீர்வு, தண்ணீரை அமுக்கத்தின் கீழ் வைத்திருப்பது. அமுக்கம் கூடினால் கொதிநிலையும் கூடும். வீட்டில் பருப்பு அவிக்கும் பிரஷர் குக்கர் இதே முறையில்தான் இயங்குகிறது. டெனிஸ் பப்பின் என்ற பிரான்சிய அறிஞர் 1679 ஆம் ஆண்டிலேயே இத்தகைய பாத்திரம் ஒன்றைச் செய்தார். எலும்பையும் மென்மையாக அவிக்கக்கூடிய அப்பாத்திரத்தில், அமுக்கம் எல்லை மீறினால் திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வு ஒன்றையும் அவர் பொருத்தினார். இன்று நமது வாகனங்களின் முன்புறத்தில் இருப்பது அதன் பேரப்பிள்ளை எனலாம்.

எண்கள் சொல்வது என்ன?

மூடியின் மேற்புறத்தை ஒரு துணியால் துடைத்துப் பாருங்கள். அதில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். யப்பானிய வாகனங்களில் பெரும்பாலும் 0.9 அல்லது 1.1 என்று காணப்படும். இது ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு எத்தனை கிலோ அமுக்கம் என்பதைக் குறிக்கிறது. சிலவற்றில் இதே அளவுகள் கிலோபஸ்கால் கணக்கில் 88 என்றும் 108 என்றும் இருக்கும். ஆங்கில, அமெரிக்க முறையில் 7, 13, 16 எனச் சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்று போட்டிருக்கும். பழைய உழவு இயந்திரங்களிலும் பழைய கார்களிலும் 7 இறாத்தல் மூடிகளைக் காணலாம். 0.9 என்பது ஏறத்தாழ 13 இறாத்தல், 1.1 என்பது ஏறத்தாழ 16 இறாத்தல்.

இந்த எண்களால் வரும் நன்மையைப் பாருங்கள். கடல் மட்டத்தில் 7 இறாத்தல் மூடி போட்டால் வெறும் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ 111 பாகையாகும். 0.9 மூடியுடன் 119 பாகை. 1.1 மூடியுடன் 122 பாகை. நுவரெலியாவில்கூட 0.9 மூடி நல்ல நிலையில் இருந்தால் 115 பாகை வரை தண்ணீர் கொதியாது. மூடி பழுதானால் இந்த 20 பாகைக்கு மேற்பட்ட பாதுகாப்பு முழுவதும் போய்விடுகிறது. எஞ்சினில் எந்தக் கோளாறும் இல்லாமலே வாகனம் கொதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் நீக்கவேண்டும். "பெரிய எண் உள்ள மூடியைப் போட்டால் எஞ்சின் குளிரும்" என்று சிலர் கூறுவர். மூடி எஞ்சினைக் குளிர்விப்பதில்லை. வெப்பத்தை வெளியேற்றுவது றேடியேற்றரும் காற்றாடியும்தான். மூடி செய்வது, தண்ணீர் கொதித்துப்போகாமல் தாங்கும் எல்லையை உயர்த்துவது மட்டுமே. 7 இறாத்தலுக்குச் செய்யப்பட்ட பழைய றேடியேற்றருக்கு 16 இறாத்தல் மூடியைப் போட்டால், பற்றவைத்த மூட்டுகளும் ஹோஸ் குழாய்களும் அந்த அமுக்கத்தைத் தாங்கா. பலவீனமான இடம் எதுவோ அது வெடிக்கும். மறுபுறம், 1.1 தேவைப்படும் வாகனத்துக்குக் குறைந்த எண்ணுள்ள மூடியைப் போட்டால் வெகு சீக்கிரம் கொதிக்கும். உற்பத்தியாளர் குறித்த எண்ணே உங்கள் எண்.

இரண்டு கதவுகள்

மூடியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால் நடுவில் ஒரு வட்டத் தட்டும், அதைச் சுற்றி றப்பர் வளையமும், பின்னால் பலமான வில்லுச்சுருளும் தெரியும். இதுவே அமுக்க வால்வு. தண்ணீர் சூடேறி விரியும்போது அமுக்கம் கூடும். குறித்த எல்லையைத் தாண்டியதும் அது வில்லுச்சுருளைத் தள்ளிக்கொண்டு, றேடியேற்றர் கழுத்தின் பக்கத்திலுள்ள சிறு குழாய் வழியாக மேலதிகத் தண்ணீரைப் பக்கத்துப் போத்தலுக்கு அனுப்பும். எட்டு லீற்றர் தண்ணீர் குளிர்ந்த நிலையிலிருந்து 95 பாகைக்கு வரும்போது ஏறத்தாழ 300 மில்லிலீற்றர் விரிகிறது. ஒரு பெரிய தேநீர்க் கோப்பை அளவு. அதற்குப் போக்கிடம் வேண்டும்.

வட்டத் தட்டின் மத்தியில் நாணயத்திலும் சிறிய இன்னொரு தட்டு உண்டு. இது எதிர்த்திசையில் திறக்கும் வால்வு. இரவில் எஞ்சின் ஆறும்போது தண்ணீர் சுருங்கி, உள்ளே வெற்றிடம் உண்டாகும். அப்போது இச்சிறு வால்வு திறந்து, போத்தலுக்குப் போன தண்ணீரைத் திரும்பவும் உள்ளே இழுத்துக்கொள்ளும். போவதற்கு ஒரு கதவு, வருவதற்கு ஒரு கதவு. இரண்டில் எது பழுதானாலும் தண்ணீர்க் கணக்கு பிழைத்துவிடும்.

லான்ட்மாஸ்டர் வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு: சில வகை எஞ்சின்களின் மேலே திறந்த தொட்டியில் தண்ணீர் நேரடியாகக் கொதித்து ஆவியாகும். அவை அமுக்கமின்றி இயங்கும்படி செய்யப்பட்டவை. இடையிடையே தண்ணீர் விட்டால் போதும். றேடியேற்றரும் அமுக்க மூடியும் உள்ள எஞ்சினை அவ்வாறு நடத்தக்கூடாது. லான்ட்மாஸ்டரில் பழகிய கை வானிலும் அதையே செய்யப் பார்க்கும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

திறந்ததும் ஏன் பீறிடுகிறது?

அமுக்கத்தின் கீழ் 115 பாகையில் தண்ணீர் அமைதியாக இருக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அமுக்கம் போய்விடுகிறது. கொதிநிலை 100 பாகைக்கு இறங்குகிறது. மேலதிகமாக உள்ள 15 பாகை வெப்பத்தைத் தண்ணீர் உடனே வெளியேற்றியாகவேண்டும். ஒவ்வொரு லீற்றரிலும் ஏறத்தாழ 28 கிராம் தண்ணீர் அக்கணமே ஆவியாகும். 28 கிராம் அற்பம்போல் தோன்றலாம். ஆனால் அது ஆவியானால் ஏறத்தாழ 47 லீற்றர் இடத்தைப் பிடிக்கும். எட்டு லீற்றர் தண்ணீருள்ள தொகுதியில் இதைப் பெருக்கிப் பாருங்கள். அவ்வளவு ஆவியும் ஒரு சிறிய வாய் வழியே வெளியேற முயலும்போது முன்னால் இருக்கும் கொதிநீரையும் தள்ளிக்கொண்டு வரும். மடித்த துவாயால் அதைத் தடுக்க முடியாது. இன்னும் சொன்னால், துவாய் கொதிநீரை உறிஞ்சிக் கையோடு ஒட்டிக்கொள்ளும்.

பழுதை அறிவது எப்படி?

பின்வரும் அடையாளங்களைக் கவனிக்கவும்.

1. எங்கும் ஒழுக்கு இல்லை. ஆனால் தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது.
2. பக்கத்துப் போத்தல் நிரம்பி வழிகிறது; றேடியேற்றரிலோ தண்ணீர் இல்லை. போன தண்ணீர் திரும்பி வரவில்லை என்பது பொருள்.
3. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மேல் ஹோஸ் குழாய் உறிஞ்சப்பட்டதுபோல் தட்டையாகிக் கிடக்கிறது. சிறிய வால்வு இறுகிவிட்டது.
4. மூடியைச் சுற்றி வெள்ளை அல்லது பழுப்பு நிறக் கறை காய்ந்திருக்கிறது.
5. றப்பர் வளையம் வெடித்து, தடித்து, அல்லது ஓரிடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது.
6. சமதரையில் ஒன்றுமில்லை, பாரத்துடன் ஏற்றம் ஏறும்போது மட்டும் கொதிக்கிறது.

குளிர்ந்த மூடியைக் கையில் எடுத்து, நடுவிலுள்ள சிறு தட்டை நகத்தால் மெதுவாக இழுத்து விடுங்கள். அது எளிதாக அசைந்து திரும்பவும் படியவேண்டும். நல்ல கராஜ்களில் கைப்பம்புடன் கூடிய சோதனைக் கருவி உண்டு. அதில் மூடியைப் பொருத்தி அமுக்கம் ஏற்றினால், குறித்த எண் வரை பிடித்து நிற்கிறதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கேட்டு வாங்கிச் சோதித்துக் கொள்ளுங்கள்.

எமது தண்ணீரும் ஒரு காரணம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் சுண்ணக்கல் பாறையில் அமைந்தவை. அத்தண்ணீரைக் கொதிக்க வைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளைப் படை பிடிப்பதை எல்லா வீடுகளிலும் காணலாம். அதே படை றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் பிடிக்கும். மூடியின் றப்பர் உட்காரும் விளிம்பிலும் பிடிக்கும். அங்கே மணல் துகளளவு படை இருந்தாலும் மூடி இறுக்கமாகப் படியாது. கரையோரக் கிணறுகளின் உவர்நீரோ உலோகத்தை அரிக்கும், வில்லுச்சுருளையும் விட்டுவைக்காது.

ஆகவே றேடியேற்றருக்குக் கிணற்றுநீரை வழக்கமாக விடுவது கூடாது. கடையில் விற்கும் கூலன்ற் திரவத்தைப் பயன்படுத்துவதே சிறந்தது. கலந்து விடவேண்டிய வகையாயின் காய்ச்சி வடித்த தண்ணீரை வாங்கி, போத்தலில் சொல்லப்பட்ட அளவில் கலக்கவேண்டும். அதற்கு வழியில்லாதபோது சுத்தமாகப் பிடித்து வைத்த மழைநீர் கிணற்றுநீரிலும் நல்லது. எமது நாட்டில் தண்ணீர் உறைவதில்லை, ஆகவே கூலன்ற் தேவையில்லை என்பர். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. துருப்பிடிக்காமல் காப்பதும், கொதிநிலையைச் சில பாகைகள் உயர்த்துவதும் எமக்குப் பயன்படும் வேலைகள். ஒன்றை மறக்கவேண்டாம்: கூலன்ற் நச்சுப்பொருள், சிலவற்றின் சுவை இனிப்பானது. பிள்ளைகளுக்கும் ஆடு மாடுகளுக்கும் எட்டாத இடத்தில் வைக்கவும். பழையதைக் கிணற்றுப் பக்கம் ஊற்றவேண்டாம்.

1990களின் முற்பகுதியில் எரிபொருட் தடை நிலவியபோது, குடாநாட்டில் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்த எமது மேக்கானிக்மாரின் திறமை யாவரும் அறிந்தது. இல்லாத பொருளுக்குப் பதிலாக இருப்பதைக் கொண்டு சமாளித்த காலம் அது. சைக்கிள் ரியூப்பை வட்டமாக வெட்டி மூடிக்கு வாசர் போட்டவர்களும் உண்டு. அன்று அது தேவையாயிற்று. ஆனால் ரியூப் றப்பர் ஒழுக்கை மட்டுமே அடைக்கும். எவ்வளவு அமுக்கத்தில் திறக்கவேண்டும் என்பது அதற்குத் தெரியாது. சரியான மூடி கடையில் கிடைக்கும் இக்காலத்தில் அப்பழக்கத்தை நாம் தொடரவேண்டியதில்லை.

மூடியை மாற்றும் முறை

முதலில் சரியான மூடியை வாங்கவேண்டும். பழைய மூடியை உதிரிப்பாகக் கடைக்குக் கொண்டுபோங்கள். மூன்று விடயங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்: எண், விட்டம், ஆழம். விளிம்பிலிருந்து றப்பர் வரையுள்ள ஆழம் சில மில்லிமீற்றர் குறைந்தாலும் மூடி இறுகியதுபோல் தோன்றும்; உள்ளே படிந்திராது. ஆழம் கூடினால் வில்லுச்சுருள் அளவுக்கு மேல் நெரிபட்டு அமுக்கத்தைக் கூட்டிவிடும். பழைய மூடியே தவறானதாக இருக்கலாம் என்பதால், கைநூல் இருந்தால் அதையும் பாருங்கள்.

பின்னர் இவ்வாறு செய்யவும்:

முதலாவது, அதிகாலையில், முதல் நாள் இரவு முழுவதும் எஞ்சின் ஆறியிருக்கும் வேளையைத் தெரிவு செய்யுங்கள். வாகனம் சமதரையில் நிற்கட்டும். கைப்பிறேக்கைப் போட்டு, சில்லுக்கு ஒரு கல்லை வையுங்கள். சாவியை எடுத்துவிடுங்கள்; மின்சாரக் காற்றாடிகள் சில தாமாகவே சுழலத் தொடங்கும்.

இரண்டாவது, மேல் ஹோஸ் குழாயை விரல்களால் அமுக்கிப் பாருங்கள். மென்மையாக அமுங்கினால் உள்ளே அமுக்கமில்லை. கல்போல் இறுகியிருந்தால் தொடவேண்டாம்.

மூன்றாவது, குளிர்ந்த எஞ்சினிலும் தடித்த உலர்ந்த துணியை மூடியின்மேல் போட்டு, முகத்தைப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்புங்கள். ஒரு தடையில் மூடி நிற்கும். அங்கே சற்றுப் பொறுங்கள். 'உஸ்' என்ற ஒலி வந்தால் அது ஓயும்வரை காத்திருங்கள். அதன்பின் கீழ்நோக்கி அமுக்கித் திருப்பிக் கழற்றுங்கள்.

நான்காவது, றேடியேற்றர் கழுத்தின் உள் விளிம்பைத் துணியால் துடையுங்கள். வெள்ளைப் படை இருந்தால் மரக்குச்சியால் மெதுவாக நீக்குங்கள். கத்தியோ ஸ்குறூ டிறைவரோ வேண்டாம். கீறல் விழுந்தால் புதிய மூடியும் பயன்படாது. விளிம்பு நெளிந்திருந்தால் அதை முதலில் சரிசெய்யவேண்டும்.

ஐந்தாவது, போத்தலுக்குச் செல்லும் சிறு குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள். அதில் குளவி மண்கூடு கட்டியிருந்தாலும், வெடிப்பு இருந்தாலும், எவ்வளவு நல்ல மூடியும் தண்ணீரைத் திரும்ப இழுக்க மாட்டாது.

ஆறாவது, கழுத்து வரை நிரப்புங்கள். போத்தலில் மேற்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையில் நிரப்புங்கள். புதிய மூடியின் றப்பரைக் கூலன்றால் நனைத்து, அமுக்கி, வலப்பக்கமாகக் கடைசி வரை திருப்புங்கள். முதல் தடையில் நிறுத்திவிடுவது பலர் விடும் தவறு.

ஏழாவது, எஞ்சினை ஓடவிட்டு, சூடேறியபின் மூடியைச் சுற்றி ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் தண்ணீர் மட்டத்தை மீண்டும் பாருங்கள். உள்ளே அகப்பட்ட காற்று வெளியேறியிருந்தால் சற்றுக் குறைந்திருக்கும். நிரப்பிவிடுங்கள்.

புதிய மூடியின் பின்னும் தண்ணீர் குறைந்தால், நோய் வேறு. றேடியேற்றருக்குள் விடாமல் குமிழ் வருவதும், எஞ்சின் ஒயில் பால்தேநீர் நிறமாவதும், சூடேறிய பின்னும் வெண்புகை வருவதும் ஹெட் காஸ்கற் பழுதின் அடையாளங்கள். தாமதியாமல் மேக்கானிக்கிடம் காட்டவேண்டும்.

ஒரே வாகனத்தில் இரண்டு மூடிகள்

இப்போதைய வாகனங்கள் சிலவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட தண்ணீர்ச் சுற்றுகள் இருக்கின்றன. ரேர்போ பொருத்திய எஞ்சின் காற்றை நெருக்கி உள்ளே தள்ளுகிறது. நெருக்கிய காற்று சூடாகும் என்பதைச் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடியைத் தொட்டவர் அறிவார். அச்சூட்டைக் குறைப்பது இன்ரகூலர். பெரும்பாலான டீசல் லொறிகளிலும் வான்களிலும் இன்ரகூலர் வெளிக்காற்றாலேயே குளிர்விக்கப்படுகிறது. அதில் தண்ணீரும் இல்லை, மூடியும் இல்லை. ஆனால் 1990களின் ரொயோட்டா செலிக்கா ஜி.ரி. ஃபோர், சுபாரு லெகசி ரேர்போ போன்ற சில கார்களில் இன்ரகூலருக்கெனத் தனியான தண்ணீர்ச் சுற்று, தனிப் பம்ப், தனிச் சிறு றேடியேற்றர், தனி மூடி ஆகியன இருந்தன. எமது வீதிகளில் ஓடும் ஹைபிரிட் கார்கள் பலவற்றிலும் மின்மாற்றிப் பகுதியைக் குளிர்விக்கத் தனிச்சுற்று உண்டு.

இவற்றின் தண்ணீர் எஞ்சின் தண்ணீரளவு சூடாவதில்லை. அங்கே மூடியின் முக்கிய வேலை, சுற்றை இறுக்கமாக வைத்துக் காற்றுப் புகாமல் காப்பது. காற்றுப் புகுந்தால் அந்தச் சிறிய மின்பம்ப் தண்ணீரைச் சுற்றமாட்டாது. பார்வைக்கு இரு மூடிகளும் ஒன்றுபோல் இருக்கலாம். எண் வேறாக இருக்கும். ஒன்றை மற்றதில் போடக்கூடாது. இரண்டையும் கழற்றும்போது அடையாளம் இட்டுக்கொள்ளவும். ஹைபிரிட் கார்களில் செம்மஞ்சள் நிற வயர்கள் உயர் மின்னழுத்தம் கொண்டவை; அவற்றின் பக்கம் கை வைக்கவேண்டாம்.

வழியில் கொதித்தால்

முள் சிவப்பைத் தொட்டதும் ஏசியை நிறுத்தி, பாதுகாப்பான இடத்தில் வாகனத்தை நிறுத்துங்கள். ஆவி வந்தால் எஞ்சினையும் நிறுத்துங்கள். பயணிகளை இறக்கி நிழலுக்கு அனுப்புங்கள். ஆவி அடங்கும்வரை பொனற்றைத் திறக்கவேண்டாம். மூடியைத் தொடவே வேண்டாம். குறைந்தது முக்கால் மணி நேரம் ஆறவிடுங்கள். மேல் ஹோஸ் மென்மையானபின்னரே மேற்சொன்ன முறையில் திறவுங்கள். காய்ந்து சூடான எஞ்சினுக்குள் குளிர்ந்த நீரை ஒரேயடியாக ஊற்றினால் உலோகம் வெடிக்கக்கூடும்; சிறிது சிறிதாக விடவும். முக்கால் மணி நேரம் பிந்துவது பெரிய நட்டமல்ல.

எவருக்காவது கொதிநீர் பட்டுவிட்டால், ஓடும் சாதாரண தண்ணீரை அவ்விடத்தில் இருபது நிமிடங்கள் விடவேண்டும். வாகனத்தில் இருக்கும் குடிநீர்ப் போத்தல்கள் முழுவதையும் இதற்குச் செலவிடலாம். மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியை இழுக்கவேண்டாம். பற்பசை, நெய், முட்டை, ஐஸ் ஒன்றும் பூசவேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். முகமோ கண்ணோ பாதிக்கப்பட்டால் 1990 இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸைக் கேளுங்கள்.

யாருடைய பொறுப்பு?

தனியாரின் வாகனத்துக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. சங்கத்தின் வானுக்கும் கூட்டுறவின் உழவு இயந்திரத்துக்கும் எல்லோரும் சொந்தக்காரர். அதனாலேயே ஒருவரும் மூடியைத் திறந்து பார்ப்பதில்லை. சாரதி, "சங்கம் வாங்கித் தரட்டும்" என்பார். சங்கம், "சாரதி சொல்லட்டும்" என்னும். அறுவடைக் காலத்தில் உழவு இயந்திரம் ஹெட் காஸ்கற் போய் ஒரு கிழமை கராஜில் நின்றால், மழைக்கு முன் நெல்லை வீடு சேர்க்கமுடியாமற் போவது சங்கத்துக்கு அல்ல, ஒரு குடும்பத்துக்கு.

ஒரு நடைமுறை யோசனை. வாகனக் கணக்குப் புத்தகத்தில் இரண்டு வரிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலாவது: ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் எஞ்சினைத் தொடங்குமுன் தண்ணீர் மட்டம் பார்க்கப்பட்டதா? பார்த்தவர் கையொப்பம். இரண்டாவது: மூடி மாற்றிய திகதியும் அதன் எண்ணும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அல்லது றப்பர் கெட்டிருக்கக் கண்டவுடன், புதியதை வாங்குவது என்று கூட்டத்தில் தீர்மானித்துக்கொள்ளலாம். அதற்கு ஆகும் செலவு, ஒருமுறை நிரப்பும் டீசலின் விலையில் சிறு பங்கே.

நான் குறிப்பிட்ட அந்த வானின் புத்தகத்தில் இப்போது இவ்விரு வரிகளும் இருக்கின்றன. திங்கட்கிழமைகளில் கையொப்பம் இடுபவர் அந்த இளைஞரே. அவருடைய கழுத்தில் தழும்பு இன்னும் இருக்கிறது. புதிதாக வரும் சாரதிகளுக்கு அவர் நீண்ட விளக்கம் கொடுப்பதில்லை. மேல் ஹோஸை அமுக்கிக் காட்டி, "இது மெத்தென்று இருந்தால் மட்டும் திற" என்கிறார்.